காவிரிப் படுகையின் துப்பறியும் கதைகள்

பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் சிற்றூர்களையும் கோயில் நகரங்களையும் களமாகக் கொண்டவை, அல்லது அந்த மண்ணில் பிறந்தவர்கள் எழுதியவை என இருவகைக் கதைகளும் இத்தலைப்பில் அடங்கும். இவற்றில் குற்றம் பெரிதாக இருந்தாலும் ரத்தம் அதிகம் சிந்துவதில்லை. குற்றவாளி எங்கிருந்தோ வந்து இறங்கும் அந்நியன் அல்லன். ஊரார் கும்பிடு போடும் பெரிய மனிதரே கடைசியில் அகப்படுவார். அகதா கிறிஸ்டி 1930இல் தம் மிஸ் மார்ப்பிள் நாவலுக்கு ஓர் ஆங்கிலக் கிராமத்தைக் களமாக்கினார். தமிழில் அந்த இடத்தை அக்கிரகாரமும் வக்கீல் வீட்டுத் திண்ணையும் எடுத்துக்கொண்டன.

தமிழின் முதல் துப்பறியும் நூலாகப் பலரும் குறிப்பது பண்டித நடேச சாஸ்திரி 1894இல் வெளியிட்ட ‘தானவன்’. அதன் நாயகன் ஒரு போலீஸ் நிபுணன். அடுத்த கால் நூற்றாண்டில் ஜே. ஆர். ரங்கராஜுவும் ஆரணி குப்புசாமி முதலியாரும் இவ்வகைக்குப் பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்தனர். முதலியார் கைவைத்தவை பெரும்பாலும் ஆங்கிலத் தழுவல்கள்.

தஞ்சை மண்ணை இவ்வகைக்குள் கொண்டுவந்தவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880–1942). தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில், பெரிய ஏரியும் கோதண்டராமர் கோயிலும் உள்ள ஊர் வடுவூர். எழுத்துக்காகச் சென்னையில் குடியேறிய பிறகும் ஊர்ப் பெயரை அவர் விடவில்லை. அவர் படைத்த துப்பறிவாளர் திகம்பர சாமியார் வேடம் மாற்றுவதில் தேர்ந்தவர், போலீஸ் நுழையத் தயங்கும் வீட்டிலும் நுழைபவர். ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலில் அவர் எதிர்த்து நிற்பது நகரத்தின் செல்வாக்கு மிக்க வழக்கறிஞர் ஒருவரை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் இதை ‘திகம்பர சாமியார்’ என்ற படமாக எடுத்தது, டி. ஆர். சுந்தரம் இயக்க, எம். என். நம்பியார் அடுக்கடுக்கான வேடங்களில் சாமியாராக நடித்தார். ஐயங்காரின் ‘மேனகா’ டி. கே. எஸ். சகோதரர்களின் மேடை நாடகமாகப் புகழ்பெற்று, 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைக்கும் வந்தது. ரெயினால்ட்ஸின் ஆங்கில மர்மக் கதைகளின் சாயல் ஐயங்காரிடம் உண்டு. நீண்ட வருணனைகளும் தற்செயல் திருப்பங்களும் இன்றைய வாசகரைச் சோதிக்கும். ஆனால் வம்பு பரவும் வேகம், மாமியார் வீட்டுக் கொடுமை, ஊர்ப் பெரியவர்களின் பாசாங்கு ஆகியவற்றை அவர் எழுதிய பக்கங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

வில்லனாக வக்கீலைத் தேர்ந்ததற்குச் சமூகக் காரணம் உண்டு. ஆற்றுப் பாசன நன்செய் மிராசுதார்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் குவிந்திருந்த மாவட்டம் இது. பாகப்பிரிவினை, தத்து, உயில், குத்தகை பாக்கி என்று எல்லாத் தகராறும் கடைசியில் நீதிமன்றப் படி ஏறும். 1854இல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரி படித்த வர்க்கத்தைத் தொடர்ந்து உருவாக்கியது. குடும்ப ரகசியம் முழுதும் அறிந்தவர் வக்கீலே என்பதால் அவரே அச்சத்துக்கும் உரியவரானார்.

இப்படுகையின் மிகப் பழைய கொலைப் புதிரிலும் நிலம் வருகிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் சுற்றத்தார் உடைமைகளைப் பறிமுதல் செய்ததைக் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் அக்கொலையைக் கடைசிவரை புதிராகவே வைத்தார்.

இவ்வகையின் உச்சம் ‘தேவன்’ என்ற ஆர். மகாதேவன் (1913–1957). திருவிடைமருதூரில் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் படித்து, ஆனந்த விகடனில் சேர்ந்தவர். அவருடைய துப்பறியும் சாம்பு வங்கி குமாஸ்தா, அசட்டு மனிதர். எதையோ செய்யப் போய்க் குற்றவாளி பிடிபட, ஊர் அவரை மேதை என்று கொண்டாடும். சாம்பு உலவுவது சென்னையில்தான். ஆனாலும் அந்தப் பேச்சும் கிண்டலும் காவிரிக்கரைத் திண்ணையில் விளைந்தவை. பின்னர் கோபுலுவின் சித்திரத் தொடராகவும், காத்தாடி ராமமூர்த்தி நடித்த தூர்தர்ஷன் தொடராகவும் சாம்பு புதிய தலைமுறைகளை அடைந்தார். ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ வேறு தினுசு. கொலை வழக்கு விசாரணையையே நாவலாக்கிய துணிச்சலான முயற்சி அது. சாட்சிக்குச் சாட்சி சந்தேகம் இடம் மாறும்.

தஞ்சாவூர் மாவட்டத்துக்கு வெளியே என்றாலும் காவிரிக்கரையிலேயே, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வில் கிராமத்தைக் கொலைக்களமாக்கினார். திருநிலம் என்னும் கற்பனை ஊருக்கு நாட்டுப்பாடல் சேகரிக்க வரும் இளைஞன், பழைய ஜமீன் மாளிகையின் மர்மத்தில் சிக்குகிறான். 1981இல் இது படமானது. அவரது கணேஷ்–வசந்த் கதைகளோ பெரும்பாலும் நகரத்தைச் சேர்ந்தவை.

தேவனின் நாவல்களில் பெரும்பாலானவை அவர் மறைந்த பிறகே நூலாயின. சாம்புவின் புகழ் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாத’னை மறைத்துவிட்டது. தமிழ்த் துப்பறியும் நாவல்களில் முதலில் படிக்க வேண்டியது அதுவே.