தில்லித் தெருவில் மோட்டார் சைக்கிள்

நாள்தோறும் ஏறிச் செல்வதற்கு ஏற்ற மோட்டார் சைக்கிள் எது என்னும் வினா, தில்லியில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் அடிக்கடி எழுவதுண்டு. ஊரிலிருந்து வேலைக்கு வந்த இளைஞனை ஒரு நண்பர் வேகத்தைப் பார் என்பார். மற்றொருவர் வண்டியின் கம்பீரத்தைப் பார் என்பார். வீட்டிலுள்ள பெரியவர்கள் விலையைப் பார் என்பார்கள். ஒவ்வொருவர் சொல்லிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், இவ்வினாவுக்குத் தில்லியின் தெருக்களே பல பத்தாண்டுகளாக விடை கூறி வந்துள்ளன. அவ்விடையை வரலாற்றின் துணைகொண்டு அறிய முற்படுவோம்.

முதலில் நகரத்தின் அமைப்பை நோக்குவோம். 1931ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பெற்ற புது தில்லி, அகன்ற சாலைகளும் நீண்ட தொலைவுகளும் கொண்ட நகரம். பழைய தில்லியோ, ஒரு கைவண்டி நின்றால் மறு வண்டி நகர இயலாத சந்துகள் நிறைந்தது. கரோல்பாக்கில் குடியிருந்து மத்திய சர்க்கார் அலுவலகங்களில் பணியாற்றிய தமிழர்கள் பலர், நெடுங்காலம் சைக்கிளையே நம்பி வாழ்ந்தனர். நீண்ட சாலைக்கு விரைவு வேண்டும்; குறுகிய சந்துக்கு அடக்கம் வேண்டும். ஒரே வண்டி இவ்விரண்டையும் தர வேண்டும் என்பதே தில்லியின் முதல் நிபந்தனை.

இந்நகரத்துப் பொதுமக்கள் கண்ட முதல் மோட்டார் சைக்கிள்களுள் பல, தெருவுக்கென்று பிறந்தவை அல்ல, போருக்கென்று பிறந்தவை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், நேச நாட்டுப் படைகள் விட்டுச் சென்ற அமெரிக்க வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் உடைமைகளை இழந்து பஞ்சாபிலிருந்து தில்லிக்கு வந்த அகதிகளிற் சிலர் அவற்றை வாங்கினர். ஹார்லி டேவிட்சன் வண்டியின் பின்புறத்தை வெட்டி, இரு சக்கரங்களும் இருக்கைப் பெட்டியும் பொருத்தி, வாடகை வண்டியாக மாற்றினர். அது எழுப்பிய ஓசையே அதற்குப் பெயராயிற்று; ‘பட்பட்டி’ என்று மக்கள் அழைத்தனர். ஆறு, எட்டுப் பேர் நெருங்கி அமர, கனாட் பிளேஸுக்கும் சாந்தினி சௌக்குக்கும் இடையே அது ஓடிற்று. வீடிழந்தவர்க்குப் படைக்கலம் ஒன்று பிழைப்புக் கருவியான வரலாறு இது.

அவ்வளவு பெரிய இயந்திரத்தைத் தனியொருவர் அலுவலகம் செல்லப் பயன்படுத்துதல் அரிது. பெட்ரோல் செலவும் எடையும் அதற்கு இடந்தரவில்லை. பலர் கூடிப் பகிர்ந்தபோதுதான் அதன் ஆற்றல் பயன்பட்டது. பின்னர், தில்லியின் காற்று மாசுபடுதலைத் தடுக்கும் பொருட்டு உச்ச நீதிமன்றம் 1998ஆம் ஆண்டில் பழைய வாடகை வண்டிகளை விலக்குமாறு பணித்தது. பட்பட்டிகளும் மறைந்தன. நகரத்தார்க்கு நல்ல காற்றுத் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவ்வண்டியையே வாழ்வாகக் கொண்டிருந்தோர் அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாம் கட்டத்தில் நம் சென்னைக்கும் பங்குண்டு. 1955ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. கோயிலால் புகழ்பெற்ற திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் உறுப்புகள் கப்பலில் வந்து இங்குப் பூட்டப்பட்டன. படிப்படியாக அவை இந்நாட்டிலேயே உருவாயின. 350 சி.சி. ஆற்றலுடைய ‘புல்லட்’ வண்டியை இந்தியப் படையும் காவல் துறையும் விரும்பி ஏற்றன. 1970ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அக்கம்பெனியின் உற்பத்தி நின்றுபோன பின்னரும், திருவொற்றியூர் ஓயவில்லை. 1994ஆம் ஆண்டில் தில்லிப் பகுதியைச் சேர்ந்த ஐஷர் நிறுவனத்தின் வசமான பின், புல்லட் புதுவாழ்வு பெற்றது. சென்னை வண்டிக்குத் தில்லி முதலாளி வாய்த்தார் எனலாம்.

புல்லட் உறுதியானது, நெடும்பயணத்துக்கு உகந்தது. ஆனால், 160 கிலோவுக்கு மேற்பட்ட அதன் எடையைச் சந்துக்குள் திருப்புவதும், உதைத்து உயிர்ப்பிப்பதும் எல்லார்க்கும் எளிதாக இல்லை. நெடுங்காலம் அதன் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. வேறு வண்டியில் பழகியவர் தடுமாறினர். ஆகவே, குடும்பத்தினர் பலர் நாடியது ஸ்கூட்டரையே. சேலை உடுத்தவர் பக்கவாட்டில் அமரலாம். குழந்தை முன்னே நிற்கலாம். காய்கறிப் பையையும் காலடியில் வைக்கலாம். லாம்பிரெட்டாவும் பஜாஜ் கம்பெனியின் வெஸ்பாவும் பெரும் மதிப்புப் பெற்றன. சர்க்கார் உரிமம் உற்பத்திக்கு வரம்பு கட்டியிருந்தமையால், பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. தேர்ந்தெடுத்தல் என்பதற்கே அக்காலத்தில் இடம் குறைவு, கிடைத்ததே சிறந்தது.

ஸ்கூட்டருக்கும் ஒரு குறையுண்டு. அதன் சிறு சக்கரம், சாலைப் பள்ளத்தில் ஆழ இறங்கி அதிர்ச்சியை முதுகுக்கு அனுப்பும். பெரிய சக்கரமோ பள்ளத்தின் மேலாகத் தாண்டிச் செல்லும். மைசூரில் 1961 முதல் செய்யப்பெற்ற ஜாவாவும், தில்லியை அடுத்த பரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி போலந்து நாட்டு மாதிரியைக் கொண்டு செய்த 175 சி.சி. ராஜ்தூத்தும் அவ்வகையில் பயன்பட்டன. தில்லியைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்து பால் பாத்திரங்களை இருபுறமும் தொங்கவிட்டு வந்த பால்காரர்களின் வண்டி ராஜ்தூத்தே. அதனிடம் அழகு குறைவாயினும், எங்கும் பழுதுபார்க்க முடிந்தமையால் நெடுங்காலம் நிலைத்தது.

மூன்றாம் கட்டமே நம் வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. 1983ஆம் ஆண்டில் அதே எஸ்கார்ட்ஸ் கம்பெனி, ஜப்பானின் யமஹா துணையுடன் ராஜ்தூத் 350 என்னும் இரட்டை சிலிண்டர் வண்டியை வெளியிட்டது. அந்நாளில் இந்நாட்டில் அதைப்போல் விரைந்த வண்டி வேறில்லை. 1985ஆம் ஆண்டில், தில்லியிலிருந்து ஜெய்ப்பூர் செல்லும் வழியில் அரியானாவின் தாருஹேராவில் ஹீரோ ஹோண்டா நிறுவனம், 97 சி.சி. அளவேயுடைய சி.டி. 100 என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. முன்னது, விலையும் பெட்ரோல் செலவும் மிகுந்து, பத்தாண்டு காணாமலே மறைந்தது. பின்னது நாடெங்கும் பரவிற்று.

காரணம் இயந்திரத்தின் அமைப்பில் இருந்தது. பழைய வண்டிகளிற் பலவும் இரண்டு வீச்சு இயந்திரம் கொண்டவை. அதில் எண்ணெயைப் பெட்ரோலுடன் கலந்து ஊற்ற வேண்டும். புதிய எரிபொருளின் ஒரு பகுதி எரியாமலே புகையுடன் வெளியேறிவிடும். நான்கு வீச்சு இயந்திரத்தில் எரிபொருள் உட்புகுதலும் புகை வெளியேறுதலும் தனித்தனி வீச்சுகளில் நிகழ்வதால் அவ்விழப்புக் குறைவு. சிக்கனம், குறைந்த புகை, நூறு கிலோ அளவிலான எடை, நிமிர்ந்து அமரும் இருக்கை ஆகிய நான்கும் ஒன்றுகூடின. படைவீரனுக்கன்றி, அலுவலகம் செல்லும் எளியவனுக்கென்றே வகுத்த வண்டி அது. நம் ஓசூரிலும் 1984ஆம் ஆண்டில் சுசூகி துணையுடன் 100 சி.சி. வண்டி பிறந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இவ்வரலாறு கூறும் நீதி யாது? வன்மை மிக்க வண்டி வியப்பைப் பெற்றது; பல பணிக்கும் பொருந்திய வண்டி தெருவைப் பெற்றது. எனவே, வாங்குமுன் சிலவற்றைச் சோதித்தல் நலம். அமர்ந்த நிலையில் இரு பாதங்களும் தரையில் ஊன்றுகின்றனவா? முதுகு வளையாமல் கைப்பிடி எட்டுகிறதா? பின்னிருப்பவர்க்குப் போதிய இடமும், சேலை சக்கரத்தில் சிக்காதபடி தடுப்பும் உண்டா? பழுதுபார்ப்பவர் வீட்டருகே உளரா? கரோல்பாக் இன்று மோட்டார் சைக்கிள் உறுப்புகளின் பெருஞ்சந்தையாக விளங்குவது தில்லிவாசிகளுக்கு ஒரு வசதியே. ஓட்டுபவர்க்கு மட்டுமன்றிப் பின்னிருப்பவர்க்கும் தலைக்கவசம் வாங்கும் செலவை வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். தமிழ்நாட்டில் பதிவு செய்த வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருப்போர், அங்கே மறுபதிவு செய்தல் சட்டப்படி கடமையாகும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது நம் முன்னோர் மொழி. தொலைவிலுள்ள ஊரில் உழைத்து, வீட்டுக்குப் பணம் அனுப்பி வாழ்வோர்க்கு, வண்டி ஒரு சுமையாதல் கூடாது. சுமையைத் தாங்குவதாதல் வேண்டும். காலையில் தயங்காமல் கிளம்பி, மாலையில் களைப்பின்றி வீடு சேர்க்கும் வண்டியே நல்ல வண்டி.