சுண்ணாம்பை விட்டு வந்த சோளம்

நாமக்கல் பக்கம் மக்காச்சோளம் என்றால் கோழித் தீவனம் என்றே பொருள். முட்டைக்குப் பெயர்பெற்ற அச்சமவெளியில், அத்தானியத்தை அரைத்து அடை சுடப்போகிறோம் என்று நாம் சொன்னபோது வீட்டிலேயே நகைத்தார்கள். நாம் செய்ய முனைந்தது என்சிலாடா என்னும் மெக்சிகோ நாட்டுப் பண்டம். மக்காச்சோள அடைக்குள் பூரணம் வைத்துச் சுருட்டி, மிளகாய்க் குழம்பில் தோய்த்து உண்பது. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்கு 'மிளகாய் இடப்பெற்றது' என்பதே பொருள். 1831இல் மெக்சிகோவில் வெளியான சமையல் நூலிலேயே அது இடம்பெற்றுவிட்டது.

இதை அந்நிய உணவு என்று தள்ளிவிட முடியுமா? மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492இல் கொலம்பசு கடல் கடந்த பின்னரே அவை பிற நாடுகளுக்குப் பரவின. மிளகாயை இந்தியாவுக்குக் கொணர்ந்தவர்கள் போர்த்துக்கீசியர். வந்த பயிர்களுக்குத் தமிழ் தன் பழம்பெயர்களையே நீட்டித் தந்தது. மிளகின் காரம் கண்டு மிளகாய். சோளத்தின் சாயல் கண்டு மக்காச்சோளம். வள்ளிக்கிழங்கை ஒப்பிட்டு மரவள்ளி. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு வாழ்வளிக்கும் அம்மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. பெயர் நம்முடையதாகவே, பிறப்பை மறந்துவிட்டோம்.

முதல் நாள் முயற்சி தோற்றது. மில்லில் அரைத்த மாவு எத்தனை பிசைந்தும் ஒட்டவில்லை. அடை கல்லில் உடைந்து உதிர்ந்தது. பிழை மாவில் இல்லை, முறையில் இருந்தது. மெக்சிகோப் பெண்கள் தானியத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, தோல் நீங்கக் கழுவிய பின்பே அரைப்பார்கள். பல நூற்றாண்டுப் பழமையான முறை இது.

பயிரைக் கொண்டுபோன ஐரோப்பியர் இம்முறையைக் கொண்டுபோகவில்லை. விளைவு கொடியது. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் தோல் வெடிப்பும் வயிற்றுப்போக்கும் மனப்பிறழ்வும் கண்டன. 1735இல் ஸ்பெயினின் காசல் என்ற மருத்துவர் அந்நோயைக் கண்டார். பின்னர் இத்தாலியர் அதற்குப் பெல்லக்ரா என்று பெயரிட்டனர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது பரவியபோது, காரணம் கிருமியன்று, உணவுக் குறையே என்று கோல்ட்பர்கர் 1914 முதல் நடத்திய ஆய்வுகளில் நிறுவினார். அக்குறை நியாசின் என்னும் உயிர்ச்சத்து என்பது 1937இல் தெளிவாயிற்று. மக்காச்சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசினை உடல் ஏற்கும்படி விடுவிப்பது அந்தச் சுண்ணாம்பே.

மறுமுறை அரைக்கிலோ தானியத்துக்கு ஒரு தேக்கரண்டி உணவுச் சுண்ணாம்பு இட்டோம். நன்கு கழுவி, கிரைண்டரில் கெட்டியாக அரைத்துத் தட்டினோம், அடை உடையவில்லை. வெந்த மொச்சையும் சேலத்து மாம்பழத் துண்டுகளும் பூரணமாயின. வறமிளகாயும் தக்காளியும் வதக்கி அரைத்த குழம்பை மேலே ஊற்றினோம். நகைத்தவர்களே இரண்டாம் முறை கேட்டு உண்டார்கள்.

விதை கப்பலேறியது, அடுப்படி அறிவு கரையிலேயே நின்றுவிட்டது. இது மெக்சிகோவின் கதை மட்டுமன்று. நம் பாட்டிமார் சோளத்தை நீர் தெளித்து உரலில் குத்தித் தவிடு நீக்கிச் சோறாக்கினார்கள். அந்தப் பக்குவம் இன்று எத்தனை வீடுகளில் தெரியும்? தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.