பொறிக்கதவுச் சிலந்திகள்: வகைப்பாடும் பல்வகைமையும்

மண்ணில் வளை தோண்டி, அதன் வாயைப் பட்டிழையும் மண்ணும் கலந்து செய்த கீல்கதவால் மூடிக்கொண்டு வாழும் சிலந்திகளைப் பொறிக்கதவுச் சிலந்திகள் என்கிறோம். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கும். இருட்டியதும் கதவைச் சற்றே தூக்கி, முன்கால்களை விளிம்பில் ஊன்றிக் காத்திருக்கும். எறும்போ வண்டோ எட்டும் தொலைவில் நடந்தால், அந்த அதிர்வை உணர்ந்து பாய்ந்து கவ்வி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, மத்தியதரைக் கடலோரம், கலிபோர்னியா, தென்கிழக்காசியா, இந்தியா, இலங்கை என உலகின் வெப்பமான நிலங்கள் பலவற்றிலும் இவை உண்டு.

ஆனால் இவை ஒரே குலத்தைச் சேர்ந்தவை அல்ல. கதவு செய்யும் பழக்கம் பத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் காணப்படுகிறது. அவற்றுள் சில ஒன்றுக்கொன்று மிகத் தொலைவான உறவு கொண்டவை. வறட்சி, வெள்ளம், குளவி, தேள் ஆகியவற்றிலிருந்து தப்ப வேண்டிய தேவை ஒன்றாக இருந்ததால், வெவ்வேறு குலங்கள் தனித்தனியே ஏறக்குறைய ஒரே மாதிரி வீட்டைக் கட்டியிருக்கின்றன. இந்த ஒற்றுமைதான் சிலந்தியியலாளர்களை நூறாண்டுகளுக்கு மேல் குழப்பியது.

பெருங்கிளைகள்

சிலந்தி வரிசையின் மிகப் பழைய கிளை மீசோதீலே. இதில் இன்று எஞ்சியிருப்பவை லிஃபிஸ்டியஸும் அதன் உறவினங்களும் மட்டுமே. மற்றச் சிலந்திகளின் வயிறு வழவழப்பான பை. இவற்றின் வயிற்றின் மேற்புறத்திலோ கண்டம் கண்டமாகத் தகடுகள் தெரியும். நூல் சுரக்கும் உறுப்புகள் வயிற்றின் கடைசியில் இல்லாமல் அடிப்புற நடுவில் இருக்கும். சுமார் 30 கோடி ஆண்டு பழைமையான பிரெஞ்சுப் புதைபடிவமான பேலியோதீலேயிலும் இதே அமைப்பைக் காணலாம். சீனா, ஜப்பான், தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளோடு இக்கிளையின் பரவல் முடிந்துவிடுகிறது. லிஃபிஸ்டியஸ் தன் வளை வாயிலிருந்து தரைமேல் சில இழைகளை விசிறியாக விரித்து வைக்கும். இழையைப் பூச்சி இடறினால் கதவுக்குள் இருக்கும் சிலந்திக்குச் செய்தி போய்விடும்.

லிஃபிஸ்டியஸ் பேரினத்தின் முதல் இனம் 1849இல் பினாங்கிலிருந்து விவரிக்கப்பட்டது. தைப்பூசத்துக்குப் பெயர்பெற்ற மலேசியாவின் பத்துமலையிலும் ஓர் இனம் உண்டு. முருகன் கோயில் அமைந்த அதே சுண்ணாம்புக் குன்றின் இருட்டுக் குகையில் வாழும் அதற்கு, 1923இல் அம்மலையின் பெயராலேயே லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்று பெயரிட்டார்கள்.

பொறிக்கதவுச் சிலந்திகளில் பெரும்பாலானவை இரண்டாவது கிளையான மைகலோமார்ஃபேவைச் சேர்ந்தவை. டரான்டுலா எனப்படும் பெருஞ்சிலந்திகளும் இதில்தான் வருகின்றன. இவற்றின் நச்சுப்பற்கள் ஒன்றுக்கொன்று இணையாக மேலிருந்து கீழ் இறங்கும். மூச்சுவிடப் பெரும்பாலும் இரண்டு இணை ஏட்டு நுரையீரல்கள் இருக்கும். சுமார் 30 குடும்பங்களும் 3,000க்கும் மேற்பட்ட இனங்களும் இக்கிளையில் உள்ளன. பிரான்சின் வோழ் மலைப் பகுதியில் கிடைத்த, டிரையாசிக் காலத்தைச் சேர்ந்த ரோசாமைகேல் இதன் மிகப் பழைய புதைபடிவங்களில் ஒன்று.

வீட்டுச் சுவரில் வலை பின்னுவது முதல் தோட்டத்தில் தாவி இரை பிடிப்பது வரை நாம் அன்றாடம் காணும் சிலந்திகள் மூன்றாவது கிளையான அரேனியோமார்ஃபேவில் அடங்கும். அவற்றின் பற்கள் இடுக்கிபோலக் குறுக்காகச் சேரும். இக்கிளையிலும் ஆஸ்திரேலிய ஓநாய்ச் சிலந்திகள் சில வளைக்குக் கதவு வைக்கின்றன.

வகைப்பாட்டின் வரலாறு

இத்துறையின் முதல் பெரிய நூல் 1873இல் வெளிவந்தது. ஜான் டிரஹர்ன் மாக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர், உடல்நலம் கருதிக் குளிர்காலங்களைத் தென் பிரான்சின் மான்டோன் ஊரில் கழித்தபோது, தானியம் சேர்க்கும் எறும்புகளையும் கதவுச் சிலந்திகளையும் ஆராய்ந்து அதை எழுதினார். தடித்த தக்கைக் கதவு, மெல்லிய தகட்டுக் கதவு, கிளைவிட்ட வளைக்குள் இன்னொரு கதவு என்று அவர் செய்த பகுப்பு இன்றும் கையாளப்படுகிறது. பாசி படர்ந்த கதவு ஒன்றை, சுற்றியிருந்த பாசியோடு சேர்த்துச் செதுக்கி எடுத்துப் பார்த்தார். சிலந்தி புதுக் கதவு செய்தது. எங்கிருந்தோ பாசியைக் கொண்டுவந்து அதன்மேல் நட்டும் வைத்தது. சுற்றிலும் வெறும் மண்ணாகிவிட்டதால் அந்தப் பச்சைக் கதவு தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. நூலின் பிற்சேர்க்கை வந்த 1874இலேயே மாக்ரிட்ஜ் இறந்தார். மறு ஆண்டு ஒரு பேரினத்துக்கு மாக்ரிட்ஜியா என்று பெயரிட்டார்கள்.

அக்காலத்து வகைப்பாடு கண்களின் அடுக்கு, கால் நகங்கள், தாடையின் முள்வரிசை ஆகியவற்றை நம்பியது. தாடையின் முன்நுனியில் உள்ள இந்தத் தடித்த முட்கள்தான் சிலந்தியின் மண்வெட்டி. தோண்டி வாழும் எந்தக் குலத்துக்கும் இவை தேவைப்படும் என்பதால், உறவைக் காட்டும் சான்றாக இவற்றைக் கொள்வதில் ஆபத்து இருந்தது. டெனிசிடே என்ற குடும்பப் பெயரின் கீழ் உலகெங்கும் உள்ள கதவுச் சிலந்திகள் பல ஒன்றாகத் திரட்டப்பட்டது இப்படித்தான். 1985இல் ஆஸ்திரேலியரான ராபர்ட் ரேவன் மைகலோமார்ஃபே முழுவதையும் பரிணாம உறவு முறையில் மறுபகுப்பு செய்தபோது இந்தத் திரட்டின் பெரும்பகுதி பிரிந்தது.

எஞ்சியதை மரபணு ஆய்வு பிரித்தது. 2018இல் ஹாலோனோப்ராக்டிடே தனிக் குடும்பமானது. 2020இல் வெளியான விரிவான மரபணுத் தொகுப்பாய்வு, தென்னாப்பிரிக்காவின் ஸ்டாசிமோபஸ் பேரினத்துக்கு ஸ்டாசிமோபிடே என்ற குடும்பத்தை அமைத்ததோடு வேறு பல குடும்பங்களையும் பிரித்தது. ஒருகாலத்தில் கண்டங்கள்தோறும் பரவியிருந்த டெனிசிடேவில் இப்போது டெனிசா, கிர்டோகரேனம் என்ற இரண்டே பேரினங்கள் மிஞ்சியுள்ளன. இரண்டும் மத்தியதரைக் கடற்பகுதிக்கு உரியவை.

முக்கியக் குடும்பங்கள்

இடியோபிடே மிகப் பெரிய கதவுச் சிலந்திக் குடும்பங்களில் ஒன்று. ஆப்பிரிக்கா, ஆசியா, தென்னமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று இதன் பரவல் நீள்கிறது. இடியோப்ஸ் பேரினத்தில் ஓர் இணைக் கண்கள் மற்றவற்றை விட்டு விலகித் தலையின் முன்விளிம்புக்கே வந்திருக்கும். குவீன்ஸ்லாந்தின் யூவோப்லஸ் பேரினத்துச் சில சிலந்திகள் வளையைத் தரைக்கு மேலும் ஒரு சிறு கோபுரமாக எழுப்பி அதன் உச்சியில் கதவு வைக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் இடியோசோமா நைக்ரம் வளை வாயைச் சுற்றி ஈர்க்குகளை ஆரக்கால்களாகப் பரப்பும். வறண்ட தரையில் அது வேட்டையாடும் எல்லையை இந்த ஈர்க்குகள் நீட்டித் தருகின்றன.

ஹாலோனோப்ராக்டிடேவின் விந்தை சைக்ளோகாஸ்மியா. இதன் வயிறு வெட்டி எடுத்ததுபோல் தட்டையாக முடிந்து, வரிகள் பள்ளமிட்ட கடினமான வட்டத் தகடாகியிருக்கும். எதிரி கதவைத் தாண்டி நுழைந்தால், சிலந்தி தலைகீழாக இறங்கி, வளை குறுகும் இடத்தில் இந்தத் தகட்டால் வழியை அடைத்துவிடும். அமெரிக்காவின் தென்கிழக்கிலும் சீனாவிலும் இப்பேரினம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேலியோசோமாவும் இதே உத்தியைக் கையாள்கிறது. ஆனால் அது இடியோபிடேவைச் சேர்ந்தது. கதவைப் போலவே அடைப்பானும் இரு குலங்களில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. இதே ஹாலோனோப்ராக்டிடேவைச் சேர்ந்த அம்மிடியா, கோனோதீலே ஆகியவற்றின் மூன்றாம் காலில் சேணம்போன்ற ஒரு பள்ளம் உண்டு. 2021இல் அமெரிக்கக் கண்டங்களின் அம்மிடியாவை மறுஆய்வு செய்த ஓர் ஆய்வுரை மட்டும் 33 புதிய இனங்களை விவரித்தது.

யூக்டெனிசிடே வட அமெரிக்காவுக்கு உரியது. இதன் ஆப்டோஸ்டிகஸ் பேரினம் கலிபோர்னியாவில் கடலோர மணல்மேடு முதல் பாலைநிலம் வரை பரவியுள்ளது. 2012இல் ஜேசன் பாண்ட் இப்பேரினத்திலிருந்து 33 புதிய இனங்களை அறிவித்தார். அவற்றுள் ஒன்றின் பெயர் ஆப்டோஸ்டிகஸ் பராக்ஒபாமாய். 

ஆக்டினோபோடிடே தென்னமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளது. எலிச் சிலந்தி என்று ஆஸ்திரேலியர் அழைக்கும் மிஸுலேனா இதில் அடங்கும். அவற்றில் ஓர் இனத்தின் ஆணுக்குத் தலை செக்கச்சிவப்பு. பொறிக்கதவுச் சிலந்திகளில் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கற்றவை, மிஸுலேனா விதிவிலக்கு. சிட்னி ஃபனல் வெப் சிலந்தியின் நஞ்சுக்கான முறிமருந்தே இதன் கடிக்கும் பயன்பட்டிருக்கிறது.

மைஜிடே குடும்பத்தார் பலர் மண்ணைவிட்டு மரப்பட்டையில் கதவு வைத்தவர்கள். மாக்ரிட்ஜியா இக்குடும்பத்தது, ஏறக்குறைய முழுக்க ஆப்பிரிக்காவில் வாழ்வது. ஆனால் ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவிலும் மாக்ரிட்ஜியா ரெயின்போவி என்ற இனம் உண்டு. பண்டைய தென் பெருங்கண்டமான கோண்டுவானா உடைந்தபோதே அது பிரிந்திருக்கலாம் என்று கருதுவது இயல்பு. 2017இல் வந்த மரபணு ஆய்வோ, ஆப்பிரிக்க உறவினங்களிடமிருந்து அது சுமார் 20 லட்சம் முதல் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிந்ததாகக் கணித்தது. கண்டங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே விலகிவிட்டன. எனவே மிதந்துவந்த மரங்களிலோ மண்திட்டிலோ அது இந்தியப் பெருங்கடலைக் கடந்திருக்க வேண்டும்.

பாரிக்கெலிடே குடும்பத்துச் சிலந்திகளின் பாதங்களில் அடர்ந்த தூரிகை மயிர் உண்டு. 2023இல் நியூ சவுத் வேல்சின் மயோசீன் காலப் பாறையிலிருந்து விவரிக்கப்பட்ட மெகாமோனோடோன்டியம், இக்குடும்பத்தின் புதைபடிவம். ஆஸ்திரேலியாவில் கிடைத்த சிலந்திப் புதைபடிவங்களில் மிகப் பெரியது அதுவே.

கதவும் வளையும்

தக்கைக் கதவு, மண்ணையும் பட்டிழையையும் அடுக்கடுக்காக வைத்துச் செய்யப்படுவது. விளிம்பு சரிவாக இருப்பதால் வளை வாயில் இம்மியும் பிசகாமல் பொருந்தும். சிலந்தி வளர வளரப் பழைய கதவோடு பெரிய அடுக்கொன்றைச் சேர்த்து அகலப்படுத்தும். யாராவது வெளியிலிருந்து திறக்கப் பார்த்தால், பற்களையும் கால் நகங்களையும் கதவின் உட்புறத்தில் பதித்து உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கும். தகட்டுக் கதவு வெறும் பட்டிழையும் சருகும். வாயின்மேல் அது சும்மா படிந்திருக்கும். ஆன்ட்ரோடையேட்டஸ் போன்றவை கதவே வைப்பதில்லை. வளை வாயில் பட்டிழைக் கழுத்து ஒன்றை நீட்டி, பகலில் அதை மடித்துச் சாத்திக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் ஸ்டான்வெல்லியா நெபுலோசா வளையின் உட்சுவரில் மண்ணாலான உருண்டை ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கும். ஆபத்து வந்தால் அதைச் சரித்துவிட்டு அதன்கீழ் ஒளிந்துகொள்ளும்.

வாழ்வும் பரவலும்

பெண் சிலந்தி பெரும்பாலும் வாழ்நாள் முழுவதையும் ஒரே வளையில் கழிக்கும். ஆண், பருவம் அடைந்ததும் வளையை விட்டு வெளியேறி, பெரும்பாலும் மழைக்காலங்களில் துணை தேடி அலைந்து விரைவில் மடியும். குஞ்சுகள் தாயின் வளையிலேயே சில காலம் இருந்து, பிறகு நடந்தே வெளியேறிப் பக்கத்தில் வளை தோண்டும். அம்மிடியா, கோனோதீலே போன்ற சிலவற்றின் குஞ்சுகள் மட்டுமே இழையை விட்டுக் காற்றில் பறக்கின்றன. நடந்து பரவும் குலங்களில் ஒரு பள்ளத்தாக்கோ ஆறோ இனத்தைப் பிரித்துவிடப் போதும். இத்தனை இனங்கள், ஒவ்வொன்றும் இவ்வளவு சிறு நிலத்துக்குள் அடங்கிக் கிடப்பதன் காரணம் இதுதான்.

இவற்றின் நீண்ட ஆயுளுக்கு நேரடிச் சான்று மேற்கு ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. பார்பரா யார்க் மெயின் 1974இல் நார்த் பங்குல்லா காப்பகத்தில் கையஸ் வில்லோசஸ் சிலந்திகளின் வளைகளுக்கு எண்ணிட்டுக் கண்காணிக்கத் தொடங்கினார். அவற்றுள் 16ஆம் எண் பெண் சிலந்தி 43 ஆண்டுகள் வாழ்ந்து 2016இல் இறந்தது. உலகில் பதிவான சிலந்திகளில் மிக நீண்ட ஆயுள் அதுவே. மூப்பால் அது சாகவில்லை. அதன் கதவில் ஒட்டுண்ணிக் குளவி துளையிட்டிருந்தது.

சிலந்தியைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, அதன்மேல் முட்டையிடும் குளவிகள்தாம் இவற்றின் பரம்பரை எதிரிகள். பூஞ்சைகளும் உண்டு. பர்புரியோசிலியம் அட்டிபிகோலா வளைக்குள்ளேயே சிலந்தியைக் கொன்று, தன் ஊதா நிறத் தண்டைக் கதவைத் தாண்டி வெளியே நீட்டும்.

இந்தியாவும் இலங்கையும்

தெற்காசியச் சிலந்திகளின் அடிப்படைப் பட்டியல் ரெஜினால்டு இன்ஸ் போகாக் 1900இல் வெளியிட்ட நூல். பின்னர் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கிய ஃபிரெடெரிக் ஹென்றி கிரேவ்லி 1915, 1935 ஆகிய ஆண்டுகளில் இந்திய மைகலோமார்ஃப் சிலந்திகளைப் பற்றிக் குறிப்புகள் எழுதினார். அதன்பின் நெடுங்காலம் தேக்கம். 2000க்குப் பிறகு மஞ்சு சிலிவால், சஞ்சய் மோலூர் போன்றோரின் உழைப்பால் ஆய்வு மீண்டும் வேகம் பெற்றது. மும்பையின் இடியோப்ஸ் பம்பாயென்சிஸ் 2005இல் பெயர் பெற்றது. ஸ்கேலிடோக்னாதஸ் பேரினத்தின் இரு புதிய இனங்கள் 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டன. இப்பேரினமும் ஹெலிக்மோமெரஸும் இலங்கையிலும் உள்ளன.

தமிழ்நாட்டுக்குச் சிறப்பாக உரியது சாசன் ராமேஸ்வரம். 2009இல் விவரிக்கப்பட்ட இந்த பாரிக்கெலிடே சிலந்தி, பெயரிலேயே ஊரைச் சுமக்கிறது. சீஷெல்ஸ் தீவுகள் முதல் வடக்கு ஆஸ்திரேலியா வரை பரவிய சாசன் பேரினம் மண்ணில் தோண்டுவதில்லை. மரப்பட்டையில் ஒரு சிறு பட்டிழை அறை கட்டி, அதற்கு இரண்டு பக்கமும் கதவு வைத்துக்கொள்ளும்.

பாதுகாப்பு

சிறு எல்லைக்குள் வாழ்வதாலும், பருவமடையப் பல ஆண்டுகள் ஆவதாலும், இடம்பெயர முடியாததாலும் நிலத்தின் மேற்பரப்பு புரட்டப்பட்டால் இச்சிலந்திகள் மீள்வது கடினம். மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விளைநிலங்களுக்காகக் காடு அழிக்கப்பட்டபோது எஞ்சிய சிறு காப்பகங்களில் மட்டும் இவை தங்கின. அங்கே ஆபத்துக்குள்ளான இனமாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றிருந்த இடியோசோமா நைக்ரம் 2018இல் மறுஆய்வுக்கு உட்பட்டது. ஒரே இனம் என்று எண்ணப்பட்டதற்குள்ளும் அதன் நெருங்கிய உறவுக் கூட்டத்திலும் பல புதிய இனங்கள் அடங்கியிருந்தன. ஒவ்வொன்றின் வாழிடமும் முன்பு எண்ணியதைவிடச் சுருங்கியது. சுரங்க அனுமதிக்கு முன்பாக நடக்கும் உயிரினக் கணக்கெடுப்புகளில் மேற்கு ஆஸ்திரேலியா இப்போது கதவுச் சிலந்திகளையும் தேடச் சொல்கிறது.