ஊது, அகில், காஹாரு: நம் பக்கத்துக் காட்டின் மணம்

வெள்ளிக்கிழமை குளித்து, நல்ல உடை உடுத்தி, மணம் பூசிப் பள்ளிக்குச் செல்வது நபிவழி. அந்த மணத்தை நாம் அத்தர் என்கிறோம். அரபுச் சொல் என்பதால் பொருளும் அங்கிருந்தே வந்தது என்று பலர் நினைக்கிறோம். ஊது விஷயத்தில் நடந்தது நேர்மாறு. சரக்கு நம் பக்கத்துக் காடுகளிலிருந்துதான் அரபு நாடுகளுக்குப் போனது.

அரபியில் ஊது, தமிழில் அகில், மலாயில் காஹாரு, மூன்றும் ஒன்றே. மலாயாவிலும் சுமத்ராவிலும் இந்த மரம் காட்டில் வளர்கிறது. நோயில்லாத மரத்தில் மணம் இருக்காது. காயம் பட்ட இடத்தில் பூஞ்சை புகுந்தால், மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கரும்பிசினைச் சுரக்கும். அந்தப் பிசின் ஊறிய கட்டைதான் அகில். கீழைக் காற்றில் கப்பலேறி வந்த சரக்குகளில் ஒன்றாக அகிலைச் சிலப்பதிகாரமே சொல்கிறது.

எந்த மரத்துக்குள் பிசின் இருக்கிறதென்று வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே கண்டதையெல்லாம் வெட்டினார்கள். மலாக்கா அகில் மரம் 1995 முதல் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இப்போது தோட்டம் போட்டு, மரத்தில் துளையிட்டுப் பூஞ்சையை ஏற்றிப் பிசினை வரவழைக்கிறார்கள்.

மலர் அத்தருக்குப் பெயர்போன ஊர் உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ். செம்புக் கலத்தில் ரோஜாவும் தண்ணீரும் இட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, கீழே விறகெரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் இன்னொரு கலத்தில் இறங்கும். அதில் ஏற்கெனவே சந்தன எண்ணெய் இருக்கும். பூவை மாற்றி மாற்றி, அதே எண்ணெயில் பல நாள் மணம் ஏற்றுவார்கள். சுட்ட மண்ணைக் காய்ச்சி, முதல் மழையின் மண்வாசனையைக்கூடப் பிடித்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சந்தனம் விலையேறிய பின், பலர் அதற்குப் பதிலாகத் திரவப் பாரஃபின் சேர்க்கத் தொடங்கினார்கள். கன்னோஜ் அத்தருக்குப் புவிசார் குறியீடு உண்டு.

சிங்கப்பூரில் அத்தர் என்றால் கம்போங் கிளாம். ஹஜ்ஜுக்குக் கப்பலில் போன காலத்தில் பயணிகள் அங்கே கூடினார்கள். அவர்களுக்கு வேண்டிய சாமான்களை விற்கும் கடைகளும் பெருகின. அரபு ஸ்திரீட் பக்கம் இன்றும் ஆல்கஹால் கலக்காத அத்தர் கிடைக்கிறது.

வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பத்து வெள்ளிக்கு விற்கும் 'ஊது' எதுவும் அகில் கட்டையிலிருந்து வடித்ததல்ல. அது செயற்கை மணம். செயற்கையை விற்பது குற்றமில்லை. அதை அசல் என்று சொல்லி விற்பதுதான் தவறு. வாங்கும்போது மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவிவிட்டு, கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். அசல் ஊதின் மணம் நேரம் ஆக ஆக மாறும். செயற்கை பெரும்பாலும் முதலில் இருந்த மாதிரியே நிற்கும். வெள்ளை ஜிப்பாவில் மட்டும் தடவிப் பார்க்காதீர்கள், கறை போகாது.