கருவியின் வடிவமும் காண்பவர் கண்ணும்

திசையன்விளைத் தேரிக்காட்டில் பனையேறியின் பாளை அரிவாளைக் கண்டிருப்பீர்கள். அதன் வளைவு எதற்கென்று அவ்வூர்க் கொல்லன் அறிவான். பனையையே அறியாத ஒருவன் அதனை வரைந்தால் வளைவு பிழைத்துவிடும். அப்படத்தைப் பார்த்து அடித்த அரிவாள் பாளை சீவ உதவாது. அறுவை மருத்துவக் கருவிகளின் வரலாறும் இவ்வுண்மையையே பகர்கின்றது.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அந்தலூஸ் நாட்டின் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த பேரறிஞர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ. அன்னார் இயற்றிய ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ 30 பகுதிகள் கொண்ட பெருநூல். அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம். உடற்கூறு அறியாதார் கத்தியெடுத்து உயிர் மாய்த்ததைக் கண்டு மனம் நொந்த அன்னார், ஏறத்தாழ 200 கருவிகளின் உருவங்களை அதில் வரைந்து காட்டினார். 12-ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனா ஜெரார்டு அதனை இலத்தீனில் பெயர்த்தார். ஆயினும், கருவியைத் தொட்டறியாத படியெழுத்தாளர் கைகளில் உருவங்கள் பல திரிந்து போயின.

இன்று கணினியே மாணாக்கனாகிவிட்டது. கருவியை அலகிட்டு முப்பரிமாண உருவமாக்கி, எண்ணற்ற கோணங்களில் படமாக்கிக் காட்டினால் அது கருவியை இனங்காணக் கற்கின்றது. அவ்வுருவமே மருத்துவர் அணியும் கண்ணாடியில் மெய்க்காட்சியோடு கலந்து தோன்றி, கத்தி நிற்குமிடத்தைச் சுட்டுகின்றது. ஆனால் காட்டாததைக் கணினி கற்பதில்லை. பிரான்சின் பிரெஸ்ட் நகரில் தொகுக்கப்பெற்ற 50 கண்புரை அறுவைக் காட்சிகளில் 21 வகைக் கருவிகள் உள்ளன. அவை ஒலியலையால் புரையை உடைக்கும் முறைக்குரியவை. நம் நாட்டில் எளியோர்க்குப் பெருமளவில் செய்யப்படுவதோ, பிறைவடிவக் கத்தியால் சிறு வழி அமைத்துப் புரையை முழுதாய் எடுக்கும் முறை. அதற்கெனச் சங்கரா கண் மருத்துவமனையின் 53 அறுவைக் காட்சிகளில் 13 கருவிகளை அடையாளமிட்ட தொகுப்பு 2024-இல்தான் வெளிவந்தது.

1988-இல் திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை தோன்றியபின், தேரிக்காட்டு முதியவர்க்குப் பார்வை மீள்வது அருகிலேயே எளிதாயிற்று. நாளை அம்மருத்துவர்க்கு இயந்திரம் துணைநிற்க வேண்டுமாயின், அவர் கைக்கருவியை அது அறிந்திருத்தல் வேண்டும். அறியாதார் கையிலுள்ள கத்தியை அஞ்சியே அஸ்ஸஹ்ராவீ எழுதுகோல் ஏந்தினார். அறியாத இயந்திரத்தையும் நாம் அவ்வாறே அஞ்சுதல் தகும். நம் கருவிகளை நாமே வரைந்து வைத்தல் நம் கடன்.