இரும்பைத் தேடினா குப்பையைப் பாருங்க

இந்த எபிசோடு இரும்பைப் பத்தி. இன்னும் சரியா சொன்னா, இரும்பு எடுக்கும்போது மிஞ்சுற குப்பையைப் பத்தி.

2025 ஜனவரியில் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே செய்தி ஓடுச்சு: தமிழ்நாட்டில் இரும்பின் பழமை 5,300 ஆண்டுகள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளில் மிகப் பழையது கி.மு. 3345-ஐச் சேர்ந்தது என்று மாநிலத் தொல்லியல் துறையின் அறிக்கை சொன்னது. அந்தத் தேதி, இரும்புப் பொருட்கள் இருந்த சூழலில் கிடைத்த கரியோட தேதி. இரும்பு புழங்குச்சுன்னு அது சொல்லுது. யாரு, எப்படி உருக்கினாங்க?

தாம்பரத்தில் ட்ரெயின் ஏறி எழும்பூர் மியூசியம் போனா, ஆதிச்சநல்லூர் இரும்புக் கருவிகளைப் பார்க்கலாம். இந்தப் பக்கம் ஜிஎஸ்டி ரோட்டில் போனா, மதுராந்தகம் அருகே சானூர். 1950களில் தோண்டிய ஈமச்சின்னங்களில் அங்கேயும் இரும்பு கிடைச்சுது. ரெண்டுமே இறந்தவர்களோடு வெச்ச பொருட்கள். ஒரு ஆப்பை வெளியே இருந்து பார்த்தா, உள்ளே என்ன நடந்ததுன்னு தெரியாது. நாங்க லாக் ஃபைலைத்தான் திறப்போம். இரும்புக்கு அந்த லாக் ஃபைல், கிட்டம்.

உலையில் இரும்புத்தாதும் மரக்கரியும் போட்டு, துருத்தியால் காற்று ஊதுவாங்க. இரும்பு உருக 1,538 டிகிரி வேணும். அந்த உலை அவ்வளவு போகாது. 1,200 டிகிரி அளவில் தாதுவில் இருக்கும் கல்லும் மண்ணும்தான் உருகி வழியும். அதுதான் கிட்டம். உள்ளே பஞ்சு மாதிரி மிஞ்சும் இரும்பைச் சுத்தியலால் அடிச்சு எடுப்பாங்க. இரும்பு துருப்பிடிச்சு அழியலாம், வேற ஊருக்குப் போகலாம். கிட்டம் உலை இருந்த இடத்திலேயே கிடக்கும்.

ஈரோடு மாவட்டம் கொடுமணலில், தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய அகழாய்வில் இதுதான் கிடைச்சுது: உலையின் அடிப்பாகம், ஊதுகுழாய்த் துண்டுகள், கிட்டம். இங்கிலாந்தில் ராம்ஸ்பரி என்ற ஊரில் சாக்ஸன் காலத்து இரும்பு உலைகளை அடையாளம் கண்டதும் இதே மாதிரி மிச்சங்களை வெச்சுத்தான்.

செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கப் பெருங்கற்கால இடங்கள் இருக்கு. நம்ம பக்கம் தினமும் புது லேஅவுட், தினமும் ஜேசிபி. வாளு கிடைச்சா வேலையை நிறுத்துவாங்க. கிட்டம் கிடைச்சா கருங்கல்னு நினைச்சு லாரியில் ஏத்திடுவாங்க. அதோட ஒரு பட்டறையே போயிடும். கறுப்பா, கனமா, குமிழி குமிழியா ஒரு கல்லைப் பார்த்தா எடுக்காதீங்க. இருக்கும் இடத்தோட போட்டோ எடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க.