மூட்டுப் பொறிகளும் சுயாதீனக் கணக்கும்

கணனித் திரையிலே ஒரு பொறியை உறுப்புறுப்பாக வரைந்து, மூட்டுகளால் இணைத்து, இயக்கிப் பார்த்தல் இன்று பொறியியல் மாணாக்கர்க்கு அரிச்சுவடி போலாகிவிட்டது. அங்ஙனம் இணைத்த பொறி சிலபோது அசையாது நிற்கும். சிலபோது உறுப்பொன்று திடீரெனப் புரண்டு மறுபக்கஞ் சாயும். கட்டுப்பாடு மிகுந்துவிட்டது என்னும் அறிவிப்பும் தோன்றும். இவற்றை மென்பொருளின் பிழையென்றே பலர் கொள்வர். ஆயின், இவ்விடர்கள் கணனிக்கு நெடுங்காலம் முற்பட்டவை.

நீராவிப் பொறியின் ஆடுதண்டு நேர்கோட்டிற் செல்வது. துலாவின் நுனியோ வட்டவில்லில் அசைவது. ஆடுதண்டு துலாவை இழுக்க மட்டுமே செய்த காலத்தில் இவ்விரண்டையும் இணைக்கச் சங்கிலி போதியதாயிருந்தது. தள்ளவும் வேண்டியபோது சங்கிலி பயன்படவில்லை. 1784ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாற் சில கோல்களை மூட்டுகளாற் பிணைத்து, ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்லும் ஒரு புள்ளியைக் கண்டார். தாம் இயற்றிய பொறிநுட்பங்கள் எல்லாவற்றினும் இதனையே பெருமையாகக் கருதுவதாக 1808இல் தம் மைந்தருக்கு எழுதினார். பிழையற்ற நேர்கோட்டைத் தளத்தில் வரையும் இணைப்பைப் பிரான்சியப் படையலுவலர் பொசலியே வெளியிட்டது 1864இலேயாம்.

வாற்றின் இணைப்பை ஆராய்ந்த இரசியக் கணித அறிஞர் செபிசேவ், உறுப்புகளையும் மூட்டுகளையும் எண்ணிப் பொறி அசையுமோ என்பதைக் கூறும் விதியொன்றை 1869இல் தந்தார். செருமனியரான குறூப்ளர் 1883இலும் குற்ஸ்பாக் 1929இலும் அதனை விரித்தனர். வெளியிலே கட்டற்ற ஓர் உறுப்புக்கு ஆறு சுயாதீனங்கள் உண்டு. பிணைச்சல் ஒன்று அவற்றுள் ஐந்தைப் பறிக்கும். எஞ்சுவதே அசைவு. கணக்கு எளியது, அழகியதுங்கூட. ஆனால் அது எண்ணிக்கையை மட்டுமே நோக்கும், அளவை நோக்காது.

இரு பிணைச்சல்களில் தொங்கும் வீட்டுக் கதவையே எடுத்துக்கொள்வோம். ஆறிலிருந்து பத்தைக் கழிக்க, எதிர்க்கணியமாக நான்கு வரும். அஃதாவது, விதியின்படி கதவு திறக்கவே கூடாது! கதவு திறப்பதோ இரு பிணைச்சல்களின் அச்சுகளும் ஒரே கோட்டில் அமைந்தமையாலேயே. அக்கோடு சிறிது பிறழ்ந்தாலும் கதவு இறுகும் என்பதைத் தச்சர் எவரும் அறிவர். 1903இல் பெனற் என்னும் ஆங்கிலேயர் வெளிப்படுத்திய நாற்கோற் பொறி இதனினும் வியப்பானது. அதன் நான்கு பிணைச்சல்களின் அச்சுகள் சமாந்தரமுமல்ல, ஒரு புள்ளியிற் சந்திப்பனவுமல்ல. கணக்கின்படி அஃது அசையாது; ஆயினும், கோல்களின் நீளங்களும் அச்சுகளின் கோணங்களும் குறித்த விகிதத்தில் நிற்றலால் அசைகின்றது.

உறுப்பு புரளும் இடருக்குப் புகையிரத எஞ்சினே சிறந்த சான்று. சமவளவான இரு சில்லுகளை ஒரு கோலால் இணைத்தால் இணைகரம் ஒன்று அமையும். கோலும் சில்லுகளின் மையங்களும் ஒரே கோட்டில் வரும் கணத்தில், இரண்டாஞ் சில்லு முதலாவதுடன் ஒரே திசையிற் சுழலலாம், எதிர்த்திசையிலுஞ் சுழலலாம். இரண்டும் வடிவகணிதத்துக்கு உடன்பாடே. எஞ்சின் அமைத்தோர் மறுபக்கத்திலும் ஒரு கோலைப் பூட்டி, அதனை முதலாவதற்குச் செங்கோணத்தில் நிறுத்தினர். ஒரு பக்கம் தடுமாறும் கணத்தில் மறுபக்கம் வழிகாட்டும். இவ்விரண்டாங் கோல் சுயாதீனக் கணக்கின்படி மிகையானது. அதனைச் சேர்த்துத் தளத்தில் எண்ணினால் எஞ்சும் அசைவு சூனியமே. கணக்கு மிகையென்று ஒதுக்குவதே எஞ்சினைக் காக்கின்றது. ஆனால், கோல்களின் நீளமும் சில்லுகளின் இடைத்தூரமும் ஒத்திருத்தல் வேண்டும். சிறு வேறுபாட்டை மூட்டிலுள்ள தளர்வு பொறுத்துக்கொள்ளும்.

கணனி வரைபடத்தில் அத்தளர்வு இல்லை. இங்குதான் பழைய இடர் புதிய முகங்கொண்டது. 1963இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து தமது ஆய்வேட்டில் விளக்கிய 'ஸ்கெச்பாட்' என்னும் வரைமுறை, கோல் இணைப்புகளைத் திரையில் அசைத்துக் காட்டிற்று. எளிய வழி கிட்டாதபோது, பிழையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே சென்று விடையை அடைவது அதன் முறை. இத்தகைய முறை, தொடங்கிய நிலைக்கு அண்மையிலுள்ள விடையையே பெரும்பாலும் பற்றும். இரு விடைகள் நெருங்கும் இடத்தில் எதனைப் பற்றும் என்பது உறுதியன்று. எனவே, திரையில் உறுப்பு புரளின் அசைவைச் சிறு படிகளாக நடத்துதலும், கோணத்துக்கு எல்லை வகுத்தலும், எஞ்சின் அமைத்தோரைப் போல இன்னோர் உறவைச் சேர்த்தலும் தக்க பரிகாரங்களாம்.

பொறி அசையாது நின்றால் மூட்டுகளைக் கண்டபடி நீக்குதல் ஆகாது. முதலில் ஓர் உறுப்பு மட்டும் நிலையாக ஊன்றப்பட்டுள்ளதா என நோக்குக. பின்னர் மூட்டுகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து, எதனை விடுத்தால் அசைவு மீளுகின்றது எனக் காண்க. நான்கு பிணைச்சல்கள் கொண்ட நாற்கோற் பொறியில் அசையும் உறுப்புகள் மூன்று, சுயாதீனம் பதினெட்டு, பறிபோவது இருபது. ஒரு பிணைச்சலை அச்சின்வழி வழுக்கவும் வல்ல மூட்டாகவும், இன்னொன்றைப் பந்து மூட்டாகவும் மாற்றினால் பறிபோவது பதினேழாகும். எஞ்சும் ஒன்றே நாம் வேண்டிய அசைவு. அங்ஙனம் மாற்றிய பின் பொறி அசையுமாயின், அச்சுகளின் சமாந்தரத்தையும் துளைகளின் இடத்தையும் மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும். பிறழ்வு பெரும்பாலும் அங்கேயே ஒளிந்திருக்கும்.